தாழ்ப்பாள் இல்லாத வீடு

"கோமுவ நானே கட்டிக்கிடுதேன், அத்தை" என்றான் பாபநாசம், இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

நாற்பத்தைந்து வயது ஆளை 'என்றார்' என்று எழுதுவதுதான் மரியாதை. இந்தக் கதையில் அந்த மரியாதை அவனுக்குக் கிடையாது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

பரிமாறிக்கொண்டிருந்த பிரம்மநாயகிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. கரண்டியில் இருந்த சொதி தரையில் ஒழுகியது. "மருமவனே, வெளையாட்டுக்குச் சொல்லுதியா, நெசமாவே சொல்லுதியா?" என்று கேட்டவள், பதில் வருவதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இதுல என்ன வெளையாட்டு? எனக்கும் ஆளு இல்ல. இவளுக்கும் யாரு வரப் போறா? நான் முறைக்காரன்தான. வெளிய போய்த் தேடவா முடியும்?" என்றான்.

பிரம்மநாயகியின் அண்ணன் மகன் அவன். வீரவநல்லூரில் பலசரக்குக் கடை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தை வீட்டுக்கு வந்து போவான். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கோமு என்கிற கோமதி, பிரம்மநாயகியின் மகள். இருபத்து மூன்று வயது. உடம்பு வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை, ஐந்தாறு வயதோடு நின்றுவிட்டது. பிச்சிப்பூவை நெருக்கமாகத் தொடுப்பாள், பாட்டுப் போட்டால் ஆடுவாள், பிடித்தவர்களின் காதைத் தொட்டுப் பார்ப்பாள். கல்யாணம் என்றால் புதுச்சேலையும் லட்டும் என்பதுதான் அவள் கணக்கு. இப்படி ஒரு மகளை வைத்துக்கொண்டு, தனக்குப் பிறகு யார் என்று ராப்பகலாக உருகிக்கொண்டிருந்த தாய்க்கு இந்தப் பேச்சு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்திருக்காதா?

கோமுவின் அண்ணன் சிவசங்கரனுக்கும் சந்தோஷம்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சட்டென்று எதையும் காட்டிக்கொள்ள மாட்டான். அன்று எழுந்து போய் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் மனைவி சண்முகசுந்தரிக்கும் மனசு லேசானது. மறைப்பானேன்? மாமியாருக்குப் பிறகு கோமுவைத் தான்தான் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பார்க்க மாட்டேன் என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. ஆனாலும் தோளில் கிடந்த பாரம் இறங்கும்போது யாருக்குத்தான் ஆசுவாசமாக இருக்காது? வெள்ளிக்கிழமை பூ வைத்துவிடுவது என்று, பாயசம் ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள்.

கோமுவிடம் யாரும் கேட்கவில்லை. அவள் சாப்பிடவும் வரவில்லை.

"பாத்தியளா கல்யாணப் பொண்ணுக்கு வெக்கத்த!" என்று பிரம்மநாயகி சிரித்தாள். "அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் உள்ள ஓடி, அரிசி டின்ன இழுத்துக் கதவுல சாத்திக்கிட்டா. போன வாரமும் இப்படித்தான். தெரியாத புள்ள தெரியாத புள்ளங்கோம், அவளுக்கு எல்லாம் தெரியுது!"

எல்லோரும் சிரித்தார்கள். பாபநாசமும் சிரித்தான்.

அந்த வீட்டில் அறைகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. கோமு சிறு பிள்ளையாக இருந்தபோது குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள், திறக்கத் தெரியவில்லை. உள்ளே அவள் அலற, வெளியே இவர்கள் அலற, ஆசாரி வந்து கதவை உடைத்து எடுப்பதற்குள் பிரம்மநாயகிக்குப் பாதி உயிர் போய்விட்டது. அன்றைக்கே எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றிப் போட்டாள். கோமுவுக்குக் கதவைச் சாத்தவே கூடாது என்று பழக்கினாள். குளித்தாலும் சரி, துணி மாற்றினாலும் சரி, திறந்தே கிடக்க வேண்டும். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்பது அடுத்த பாடம். கேட்டால் கையில் ஒரு கடலை மிட்டாய். பாசத்தில் செய்ததுதான் எல்லாம். அந்தப் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படிப் பழகிய பிள்ளை, எதற்காக அரிசி டின்னை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாள்?

சுந்தரிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. வாழைக்காய்த் தோலைப் போடப் போவது போலப் புறவாசலுக்குப் போனாள். கோமுவின் அறை ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. எட்டிப் பார்த்தாள்.

கோமு தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகை டின்னில் சாய்த்து, இரண்டு காலையும் கட்டில் காலில் உந்தி, காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். பாவாடை நனைந்து தரையெல்லாம் ஈரம். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் இருந்த இடத்தில் ஒன்றுக்குப் போனதில்லை. அந்த முகத்தில் வெட்கம் எங்கே இருக்கிறது? பயத்தில் வெளிறிப் போயிருந்தது.

"கோமு, நான் மதினி" என்றாள் மெதுவாக.

"அத்தான் போயாச்சா?"

"இன்னும் இல்ல. நான் இங்கனயே நிக்கேன். நீ கதவத் திறக்க வேண்டாம்."

திறக்க வேண்டாம் என்று அந்த வீட்டில் அவளிடம் யாரும் சொன்னதில்லை. கோமு காதிலிருந்து கையை எடுத்துவிட்டு மதினியைப் பார்த்தாள். வெயிலில் நின்றுகொண்டே சுந்தரி அவளோடு அணில் கதை, சின்னக்குருவிக் கதை எல்லாம் பேசினாள். முன்வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் டின் நகர்ந்தது.

கிணற்றடியில் துணி மாற்றிவிடும்போது சுந்தரி ஒன்றையும் துருவவில்லை. "கோமு எதுக்குப் பயப்படுதா?" என்று மட்டும் கேட்டாள்.

"அத்தான் வெளையாட்டு வேண்டாம். வலிக்கும்."

சுந்தரி துண்டைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மாட்டச் சொல்லக் கூடாது. சொன்னா அம்மா செத்துப் போயிரும். அத்தான் ஆத்துல தள்ளிருவாரு" என்றாள் கோமு. சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். "சொல்லிட்டேன்! அம்மா சாவப் போவுது மதினி!"

"சாவ மாட்டாவ. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. அவன் சொன்னது பொய்" என்று சுந்தரி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நீ சொன்னது நல்லது. கோமு ஒரு தப்பும் செய்யல. தப்பு செஞ்சது அத்தான்தான்."

அவள் தேம்பித் தேம்பி அடங்குகிற வரைக்கும் சுந்தரி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மனசுக்குள் ஓடியது வேறு. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! "நீங்க பாளையங்கோட்டைக்குப் போய் அப்பா அம்மாவப் பாத்துட்டு வாங்க தங்கச்சி, கோமுவ நான் பாத்துக்கிடுதேன்" என்று அவன் சொல்ல, "அண்ணாச்சி மாதிரி உண்டுமா" என்று புருஷனோடு வண்டியேறிப் போனவள் அவள். மாமியாரும் நிம்மதியாகக் கோவிலுக்குப் போனாள். கோமு தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே "எங்க என் பொண்டாட்டி?" என்று கேட்டுக்கொண்டுதான் அவன் வாசல் ஏறுவான். முறைக்காரன் கேலி பேசினால் சிரிக்க வேண்டும், அதுதான் வழக்கம். அவன் பெண்டாட்டி உயிரோடு இருந்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். இத்தனை பேரும் சிரிக்கும்போது பிள்ளை யாரிடம் போய் அழும்?

கோமு பகலில் போய்வருகிற சிறப்புப் பள்ளியின் ஆசிரியை பியூலாவுக்கு சுந்தரி போன் செய்தாள். பேச்சை விட அழுகைதான் அதிகம் வந்தது.

"அக்கா, அழுங்க. ஆனா அவ முன்னால அழாதிய" என்றாள் பியூலா. "திரும்பத் திரும்ப அவள்ட்ட கேக்காதிய. அவ சொன்னத நம்புதோம்னு அவளுக்குத் தெரியணும், அது போதும். அந்த ஆள் பக்கத்துல ஒரு நிமிஷம்கூட விடக் கூடாது. ஆஸ்பத்திரிக்கும் போகணும், மகளிர் ஸ்டேஷனுக்கும் போகணும். நான் கூட வாறேன். வீட்டுல முதல்ல பேசுங்க."

வீட்டில் பேசுவதுதான் மலையாக இருந்தது.

சிவசங்கரன் கேட்டுவிட்டு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு, "அவளுக்கு என்ன தெரியும் சுந்தரி? டிவியில எதையாவது பாத்துட்டு உளறுவா" என்றான்.

"எந்த டிவியில ஏங்க, சொன்னா உங்க அம்மாவ ஆத்துல தள்ளிருவேன்னு சொல்லுதான்?"

அவன் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

பிரம்மநாயகி கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து புடவைக் கரையைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அவசரப்பட்டிருப்பான். ஆம்பள. அதான் கட்டிக்கிடுதேன்னு அவனே வந்து சொல்லுதானே. ஊருக்குத் தெரியாம முடிஞ்சிரும்."

"அத்தை!"

"என்னட்டி அத்தை? நான் கண்ண மூடுன பிறகு எம்புள்ளைக்கு ஒரு வீடு வேண்டாமா? சோறு போட ஒரு ஆளு வேண்டாமா? வேத்தாள் இல்லையே, முறைக்காரன்தான?"

சுந்தரி எழுந்து நின்றாள். "யாருக்குப் பயந்து அவ டின்ன இழுத்து முட்டுக் கொடுக்காளோ, அவன் வீட்டுலயே கொண்டுபோய் அடைப்பியளா? இங்கன ஞாயித்துக்கெழமைதான் பயம். அங்கன தினசரி. தாலியக் கட்டிட்டா யாரும் கேக்கவும் முடியாது. வீடு வேணும்னா இது அவ வீடு. ஆளு வேணும்னா நான் இருக்கேன். நான் செத்தா, எனக்குப் பொறக்குத புள்ள பாக்கும். அவனுக்கு மட்டும் கொடுக்க விட மாட்டேன்."

"அப்பம் நான் என்ன, எம்புள்ளைக்குக் கெடுதல் நினைக்கேனா?" என்று பிரம்மநாயகி வெடித்து அழுதாள்.

இல்லை. அதுதான் கொடுமை. அவள் நல்லதுதான் நினைத்தாள்.

அடுத்த இரண்டு நாளும் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சுந்தரி கூட்டுறவு வங்கிக்கு லீவு சொல்லிவிட்டாள். கோமு எங்கே இருந்தாலும் அவள் கண்ணுக்குள் இருந்தாள். புதன்கிழமை காலையில் புருஷனிடம், "நாளைக்கு நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்க வந்தா உங்க தங்கச்சிக்குத் தெம்பு. வரலைன்னாலும் போறேன்" என்றாள். அவன் தலையைக் குனிந்தபடி பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

அன்று மத்தியானம், கோமுவின் அறையில் பிரம்மநாயகி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சுந்தரி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. ஞாயிறுதானே வருவான்? பூ வைக்கிற சேலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தான்.

கோமு எழுந்தாள். பாதி பின்னிய சடை அம்மாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. அரிசி டின்னைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். அது நேற்றுத்தான் நிரப்பிய டின், நகரவில்லை. சுந்தரி ஓடிப்போய்க் கூடச் சேர்ந்து தள்ளினாள். கதவு அடைபட்டது.

"எங்க என் பொண்டாட்டி?" என்று கூடத்தில் குரல் கேட்டது.

"இந்தா வாறேன்" என்று சொல்ல பிரம்மநாயகி வாயைத் திறந்தாள். கோமு பாய்ந்து வந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் அவளைத் தள்ளி உட்கார வைத்தாள். தன் போர்வையை இழுத்து அம்மாவின் தலையோடு மூடினாள். முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"பேசாத. அம்மா பேசாத" என்று கிசுகிசுத்தாள். "அத்தான் ஆத்துல தள்ளிருவாரு. கோமு விட மாட்டா."

சுந்தரியால் பார்க்க முடியவில்லை. இத்தனை மாதமாக அந்தப் பிள்ளை ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது இப்போது கண் முன்னால் கை விரித்து உட்கார்ந்திருந்தது. அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டில் மூன்று பெரியவர்கள் இருந்தும், காவல் காத்தது அவள்தான்.

பிறகு பிரம்மநாயகி போர்வையை விலக்கினாள். மகளின் விரித்த கையைப் பிடித்துப் பைய மடக்கி, உள்ளங்கையில் முகத்தை வைத்துக்கொண்டாள். "எந்தாயி, எனக்காகவா?" என்று மட்டும் கேட்டாள். கோமுவுக்கு அது புரியவில்லை. அம்மாவின் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுந்தரி, இவளப் பாத்துக்கோ. நான் வெளிய போனதும் டின்ன மறுபடி வச்சிக்கோ."

கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது சுந்தரிக்குக் காதால் கேட்டதுதான்.

"வாங்க அத்தை, சேலை எப்படி இருக்குன்னு பாருங்க. என் பொண்டாட்டி எங்க, வெக்கமா?"

"சேலைய எடுத்துக்கிட்டு வெளிய போலே."

"என்ன அத்தை?"

"எம்புள்ள பக்கத்துல உன் நிழலு பட்டா, தூக்கிப் போட்டு மிதிச்சிருவேன். போலே வெளிய!"

"யாரு என்ன சொன்னா? அந்த மருமவ பேச்சக் கேட்டுக்கிட்டு... அத்தை, புத்தி இல்லாத புள்ள சொல்லுததப் போய்... நான் முறைக்காரன்..."

"முறைங்கிற சொல்ல இன்னொரு தடவ சொன்ன, நாக்க இழுத்து வச்சி அறுத்துருவேன்!"

பிரம்மநாயகி அவ்வளவு சத்தமாகப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. ஊருக்குத் தெரியக் கூடாது என்று பயந்தவள்தான், எதிர் வீடு, அடுத்த வீடு எல்லாம் வாசலுக்கு வரும்படி கத்தினாள். சேலைப் பெட்டி தெருவில் விழுந்தது. வண்டி போன வேகத்தில் குறுக்கே கிடந்த நாய் எழுந்து ஓடியது.

சிவசங்கரன் சாயங்காலம் வந்தபோது அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள், "கழத்தாத. தங்கச்சிய இப்பமே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். அவன் உள்ளே வந்து கோமுவின் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். "அண்ணன் பாக்காம விட்டுட்டேன்" என்றான். கோமு அவன் சட்டைப்பையில் மிட்டாய் இருக்கிறதா என்று தேடினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக முடிந்தது என்று சொன்னால் பொய். மகளிர் காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒவ்வொன்றையும் கோமுவிடம் சொல்லிச் சொல்லித்தான் செய்தார். மறுநாள் பெண் இன்ஸ்பெக்டர் சீருடை இல்லாமல் வீட்டுக்கே வந்து, பியூலா பக்கத்தில் இருக்க, கோமு பொம்மையை வைத்துக்கொண்டு சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பாபநாசத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. சொந்தத்தில் பாதிப்பேர் இந்த வீட்டுக்கு வருவதில்லை. குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்று சுந்தரியைத்தான் வைகிறார்கள். வையட்டும்! அவன் வருவான் என்று பயந்து ஒரு பிள்ளை டின்னை உந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த மானம் எங்கே போயிருந்தது?

கோமு ராத்திரியில் இன்னும் திடுக்கிட்டு எழுகிறாள். சில நாள் சாப்பிட மாட்டாள். பியூலா வாரம்தோறும் வந்து, உடம்பில் எந்த இடத்தை யாரும் தொடக் கூடாது, தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்று படம் காட்டிச் சொல்லித் தருகிறாள். முதல் பாடம் 'வேண்டாம்' என்று சொல்வது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதை விட, அவள் சொன்னால் கேட்டு நிற்க வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வேண்டாம் என்றாலும் இன்னொரு வாய் ஊட்டியே பழகிய கை பிரம்மநாயகியுடையது.

பங்குனியில் ஆசாரி வந்தார். கோமுவின் அறைக்கும் குளியலறைக்கும் உள்தாழ்ப்பாள் போட்டார். அவசரம் என்றால் வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கிற மாதிரி. சாவி சுந்தரியின் இடுப்பில் இருக்கிறது. போடவும் எடுக்கவும் கோமு நாள் முழுக்கப் பழகினாள். போட்டால் ஒரு சத்தம், எடுத்தால் ஒரு சத்தம், இரண்டுக்கும் கைதட்டிக்கொண்டாள்.

ஒருநாள் சாயங்காலம், மகளுக்குப் பூ வைக்கலாம் என்று பிச்சிச் சரத்தோடு போன பிரம்மநாயகி பழக்க தோஷத்தில் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் அந்தக் கதவு அவளுக்குத் திறக்காமல் இருந்ததில்லை. முகம் வெளிறிப் போய் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். சுந்தரியின் கை இடுப்புச் சாவிக்குப் போனது, எடுக்காமல் நின்றது.

"தட்டுங்க அத்தை" என்றாள்.

பிரம்மநாயகி தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளிருந்து கேட்டது.

"அம்மா."

"இப்பம் வேண்டாம். கோமு துணி மாத்துதா."

பிரம்மநாயகிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"சரி தாயி. நீ பைய மாத்து" என்றாள். "நான் இங்கனயே நிக்கேன்."

கதவு திறக்கும் வரை, பூவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெளியே நின்றாள்.